நிலைத்து நிற்கும் பயிற்றுநரும் நமது மாணவிகளும்

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலேரியை நாடும் கரையோரப் பிரதேசத்தில் அமைந்த எலுவன்குளத்தை, வில்பத்து வனத்தின் தெற்கு வாயில் என்றே வெளியூரவர் அறிவர். மாரியில் ஆறு பெருகினால் அங்கு பாதை மூழ்கிவிடுகின்றது. இத்தகைய கிராமமொன்றின் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கான அணியொன்றை உருவாக்கி நிலைநிறுத்துவது எவ்வாறு? இதற்கு விடை தேட, சற்றுத் தூரம் செல்ல வேண்டியுள்ளது.

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நம் நாட்டில் ஆடப்படும் எல்லேயை அனைவரும் அறிவர். பந்தைத் தடியால் ஓங்கி அடித்துவிட்டு, நிலைகளைச் சுற்றி ஓடித் திரும்பும் ஆட்டம் அது. அதற்குத் தூரத்து உறவெனத்தக்க சொப்ட்போல், 1887இல் சிக்காகோ நகரில் தோன்றியது. நம்மவருக்கு மென்பந்து என்றதும் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும், இது அதுவன்று. அணிக்கு ஒன்பது பேர். பந்து கீழ்க்கையால் வீசப்படும். ஆட்டம் ஏழு சுற்றுகளில் முடிவுறும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பெண்களின் பெரும் விளையாட்டாகும்.

அங்கு தலைமைப் பயிற்றுநர் என்பவர் மாலையில் வந்து பந்து வீசிக் காட்டிச் செல்பவர் அல்லர். மாணவிகளைத் தெரிவு செய்து பெற்றோரிடம் பேசுவதிலிருந்து, அவர்களின் படிப்பைக் கவனிப்பது வரை அவரது பொறுப்பாகும். அது முழுநேரத் தொழில்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கரோல் ஹட்ச்சின்ஸ் இதற்குத் தக்க உதாரணம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது, கூடைப்பந்தில் பெண்கள் அணி ஆண்கள் அணிக்குச் சமமாக நடத்தப்படவில்லை என்று 1979இல் அப்பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே வழக்காடியவர் அவர். கல்வியில் பால் வேறுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை நின்றது. 1985இல் மிச்சிகனின் தலைமைப் பயிற்றுநரானார். பிராந்தியக் கிண்ணம் 1992இலேயே கிடைத்தது. தேசிய இறுதிச் சுற்றுக்கு அணி 1995இல் முதன்முறை சென்றது. தேசிய வெற்றிக் கிண்ணம் 2005இல் வந்தது. அதாவது இருபத்தோராவது பருவத்தில். நம்மிடையே இரண்டு வருடம் தோற்றாலே பயிற்றுநரை மாற்றிவிடுவார்கள்! 2022இல் ஓய்வுபெற்றபோது அவரது வெற்றிகள் 1,707. அந்நாள்வரை கல்லூரி சொப்ட்போலில் வேறெவரும் அத்தனை வென்றதில்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பொனி தோலும் அவரிடமே ஆடி, பின்னர் நெடுங்காலம் உதவிப் பயிற்றுநராக இருந்தவரே.

ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு 1995இல் வந்த பட்டி காசோவின் அணிக்குத் தொடக்கத்தில் சொந்த மைதானமே இருக்கவில்லை; பொதுப் பூங்காவில் ஆடியது. அவ்வணி 2000இல் தேசியக் கிண்ணத்தை வென்றது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு தடவைகள் உட்பட, அவரது காலத்தில் எட்டுக் கிண்ணங்கள் கிடைத்துள்ளன.

மறுபக்கமும் உண்டு. 1972க்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளுக்குப் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தனர். பணமும் புகழும் சேர்ந்த பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

இது நமக்கு, குறிப்பாக முஸ்லிம் பெற்றோருக்கு, முக்கியமான விடயமாகும். மகள் பருவமடைந்ததும் மைதானத்துக்கு அனுப்பத் தயங்குவோர் பலர். அத்தயக்கத்தைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. ஆடை பெருந்தடையன்று. சொப்ட்போலில் நீளக் காற்சட்டையும் நீளக் கையும் புதுமையல்ல. உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் தலைமறைப்பை அனுமதித்துவிட்டன. பெற்றோர் கேட்பது, பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறாள் என்பதே. அதற்கு நம்பகமான ஓர் ஆசிரியை வேண்டும். அவர் அடுத்த வருடமும் அங்கிருக்க வேண்டும்.

தூரத்துப் பாடசாலைக்கு நியமனம் பெறுபவர், வந்த நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இது எவ்வாறு சாத்தியமாகும்? எலுவன்குளம் போன்ற பின்தங்கிய பிரதேசங்களில் கடமையாற்றும் உடற்கல்வி ஆசிரியைகளுக்குத் தங்குமிடமும் மேலதிகப் படியும் வழங்கி, ஆறாம் தரத்தில் சேரும் மாணவிகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும்வரையாவது அவர்களை அங்கேயே வைத்திருக்க வடமேல் மாகாணக் கல்வித் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும். அப்பிரதேசத்திலேயே படித்து வளர்ந்த யுவதிகளை இப்பயிற்சிக்குத் தெரிவு செய்தால், தங்குமிடச் செலவும் மிச்சமாகும்.