அங்காடி உணவும் தூய்மையும்: வியாபாரிகளுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது?

மாலை ஐந்து மணிக்கு மேல் ஷா ஆலமில் பாசார் மாலாம் கூடும் தெருக்களில் கூட்டம் அலைமோதும். மீ கோரெங், சாத்தே, நாசி லெமாக், சுடச்சுட வடை எல்லாம் கிடைக்கும். தொழிற்சாலை ஊழியர்களும் யுஐடிஎம் மாணவர்களும் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். இத்தனை பேரின் நலமும் அந்த வியாபாரிகளின் கையில்தான் இருக்கிறது.

'அங்காடிக்காரர்களுக்குச் சுத்தம் பற்றி என்ன தெரியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சல்ல. உணவுத் தூய்மை விதிமுறைகள் 2009, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குச் செல்ல வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கின்றன. தொப்பி, ஏப்ரன் அணிவதும், கை கழுவுவதும் பெரும்பாலோருக்குத் தெரிந்தவையே. அவை கண்ணுக்குத் தெரியும் சுத்தம். கண்ணுக்குத் தெரியாத சூடும் நேரமும்தான் சிக்கலான பாடம்.

நான்கு மணி நேரக் கணக்கு

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிருமி ஒன்று, நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். நம் நாட்டு வெயிலில், மேசைமேல் வைத்த சோறும் தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பும் இந்த அபாய எல்லைக்குள்தான் கிடக்கின்றன. விடியற்காலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் மதியம்வரை விற்கப்படுவது இதனால்தான் கவலைக்குரியது.

'மறுபடியும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கிருமி சாகலாம், அது விட்டுச்சென்ற நஞ்சு எப்போதும் அழிவதில்லை. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும்போதும் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறியபின் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். கைப்புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு எளிதில் அடங்காது.

தடுப்பூசியும் அப்படித்தான். அது டைஃபாய்டிலிருந்து சுமார் மூன்று ஆண்டுகள் காப்பாற்றும். வயிற்றுப்போக்கு தரும் மற்ற கிருமிகளைத் தடுக்காது.

கையுறை மட்டும் போதுமா?

கையுறை போட்ட கையாலேயே வெள்ளியை வாங்கி, மிச்சம் கொடுத்து, அதே கையால் வடையை எடுத்தால் கையுறையால் என்ன பயன்? ஒரே வாளித் தண்ணீரில் மாலை முழுவதும் கரண்டியை அலசுவதும், ஒரே துணியால் மேசையையும் தட்டையும் துடைப்பதும் அழுக்கை இடம் மாற்றும் வேலைதான்.

ஆனால் குழாயே இல்லாத இடத்தில் கடை போடுபவரிடம் 'கை கழுவு' என்று மட்டும் சொல்வது போதாது. கடை போட இடம் ஒதுக்கும் மாநகர் மன்றம் தண்ணீரும் வடிகாலும் அமைத்துத் தர வேண்டும். அதுவரை வியாபாரிகள் சிலவற்றைச் செய்யலாம். அடியில் குழாய் வைத்த தண்ணீர்க் கலனும் சவர்க்காரமும் கொண்டு வரலாம். பணம் வாங்க ஒருவர், உணவு எடுக்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரேயடியாகச் சமைக்காமல் சிறிது சிறிதாகச் சமைக்கலாம். பச்சைக் கோழியைத் தனிப்பெட்டியில் ஐஸ் போட்டு வைக்கலாம். குழம்பு, சம்பாலை அடுப்பிலேயே சூடாக வைத்திருக்கலாம்.

2024 ஜூனில் சிலாங்கூர், கோம்பாக்கில் ஒரு பள்ளி நிகழ்ச்சியில் வழங்கிய உணவு நஞ்சாகி இருவர் உயிரிழந்தனர். அது அங்காடி உணவல்ல. ஆயினும் மொத்தமாகச் சமைத்துப் பலருக்குக் கொடுக்கும் எவருக்கும் அது ஓர் எச்சரிக்கை.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. எத்தனை மணிக்குச் சமைத்தது என்று கேட்கலாம். வாங்கியதை நேரம் கடத்தாமல் சாப்பிடலாம். இந்தக் கேள்வியை வாடிக்கையாளர்கள் தினமும் கேட்கத் தொடங்கினால், வியாபாரிகளும் நேரத்தைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.