பொன்னிறத்தைப் பார்த்து ஏமாந்தேன்!

கோழி சமைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதையைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன்.

கணவரின் வேலை காரணமாக நாங்கள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கிறோம். இங்கே நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. அறுவடை முடிந்து நன்றி சொல்லும் நாள். நம் பொங்கலுக்குப் பானை எப்படியோ, அப்படி இந்தப் பண்டிகைக்கு முழு வான்கோழி.

இரண்டு வருடங்களுக்கு முன், தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. ஒருத்தி எலுமிச்சை சாதம், ஒருத்தி வடை, இன்னொருத்தி தயிர் சாதம் என்று பிரித்துக் கொண்டார்கள். "வான்கோழியை நான் பார்த்துக்கிறேன்" என்று நான் முந்திக் கொண்டேன். "இதுக்கு முன்னாடி செஞ்சதே இல்லையேம்மா" என்றார் என் கணவர். "கோழிக்கு அண்ணன்தானேங்க வான்கோழி, என்ன பெரிய வித்தை?" என்று அவர் வாயை அடைத்து விட்டேன்.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அமெரிக்கப் பாட்டி தனியாக இருக்கிறார். பண்டிகை நாளில் பாவம் தனியாக எதற்கு என்று அவரையும் அழைத்திருந்தேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

கடையில் வாங்கிய வான்கோழி 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல். கருங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. உறையில் எப்படி இளக வைப்பது, எத்தனை மணி நேரம் வேக வைப்பது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்த எனக்கு அதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. புதன்கிழமை காலையில் பிரீசரில் இருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன். ஒரு நாள் போதாதா என்று நினைப்பு.

வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் மேலே மெத்தென்று இருந்தது. உள்ளே கையை விட்டால் ஐஸ். சூட்டில் இளகி விடும் என்று விட்டு விட்டேன். நம் ஊர்ப் பழக்கப்படி மஞ்சள் தூள் போட்டுக் குழாயடியில் நன்றாக அலசினேன். பக்கத்தில் பச்சைக் காய்கறி சாலட் நறுக்கி வைத்திருந்தேன். அதில் தண்ணீர் தெறித்ததைக் கூட நான் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், மிளகு, எலுமிச்சைச் சாறு, வெண்ணெய் எல்லாம் தடவி, 325 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் பத்து மணிக்கு ஓவனில் வைத்தேன். இந்த எடைக்கு மூன்றே முக்கால் மணி நேரம் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள்.

இரண்டு மணிக்கு வெளியே எடுத்தேன். அடடா! தோல் பொன்னிறமாக முறுகி, வீடு முழுக்க மணம். குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தியை எடுத்தேன்.

"தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார் பாட்டி. காய்ச்சலா வந்திருக்கிறது வான்கோழிக்கு என்று நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் மெல்ல எழுந்து தன் வீட்டுக்குப் போய், நீளமான ஊசி வைத்த ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டு வந்தார். தொடையின் அடிப்பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்தார். 165 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 120 தான் இருந்தது. லேசாகக் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு. வயிற்றுக்குள் ஈரல், கல்லீரல் வைத்த காகிதப் பொட்டலம் கூட எடுக்கப்படாமல் அப்படியே ஒட்டிக் கொண்டிருந்தது!

எனக்கு முகம் சுருங்கி விட்டது. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "பரவாயில்லக்கா, மேலாக வெந்ததை மட்டும் வெட்டிப் போடுங்க" என்றார்கள். மானத்தைக் காப்பாற்றிக் கொள்ள நானும் அப்படியே செய்திருப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணித் தோழி ஒருத்தி இருந்தாள். பாட்டி அவளைக் காட்டி, "பசி கொஞ்சம் பொறுக்கும். அந்த வயிறு பொறுக்குமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரியாக வேகாத கோழி இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகாமல் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும் அது பெரிய ஆபத்தாகி விடலாம்.

"எல்லாரும் மன்னிச்சுக்குங்க, இன்னும் வேகலை" என்று சொல்லி விட்டேன். பொட்டலத்தை எடுத்து விட்டு, தோல் கருகாமல் இருக்க மேலே அலுமினியத் தாளை மூடி மறுபடி ஓவனில் வைத்தேன். தண்ணீர் தெறித்த சாலட்டைக் குப்பையில் கொட்டினேன். அதுவரை வடையும் எலுமிச்சை சாதமும் கை கொடுத்தன. சாப்பிட நாலரை மணி ஆகி விட்டது. ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காத்திருந்த நேரத்தில் பாட்டி ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பண்டிகை நாடு முழுக்க ஒரே நாளில் வரக் காரணம் ஒரு பெண்ணாம். சாரா ஜோசப்பா ஹேல் என்ற பெண்கள் பத்திரிகை ஆசிரியர், பல வருடங்கள் விடாமல் எழுதி, 1863-ல் ஜனாதிபதி லிங்கனுக்கே கடிதம் போட்டாராம். அந்த வருடமே லிங்கன் அறிவித்து விட்டார். பெண்கள் பத்திரிகைக்கு இருக்கும் சக்தியைப் பாருங்கள்!

அடுத்த வருடம் பாட்டியையே பக்கத்தில் உட்கார வைத்துச் செய்தேன். அவர் கற்றுக் கொடுத்தவை இதோ:

* பிரிட்ஜில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இளக வைக்க வேண்டும். ஆறு கிலோவுக்கு மூன்று நாள். ஞாயிறு இரவே எடுத்து, ஒரு தட்டில் வைத்துக் கீழ்த்தட்டில் வைத்து விடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைக்கக் கூடாது.

* குழாயடியில் அலசக் கூடாது. கிருமி போகாது, நாலு பக்கமும் தெறிக்கத்தான் செய்யும். கிருமியைக் கொல்வது சூடுதான். ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* உள்ளே இருக்கும் பொட்டலங்களை மறக்காமல் எடுங்கள்.

* தொடை, இறக்கை அடி, நெஞ்சின் தடித்த பகுதி மூன்றிலும் 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள்.

* எடுத்ததும் வெட்டாமல் இருபது நிமிடம் விடுங்கள். சாறு உள்ளேயே நிற்கும்.

* மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்து விடுங்கள். எலும்பை மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தால், சளிக்கு இதம்!

நம் ஊரிலும் இப்போது பலர் வீட்டு ஓவனில் முழுக்கோழி சுடுகிறார்கள். அதற்கும் இதே 74 டிகிரி கணக்குதான். சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

விருந்து இரண்டு மணி நேரம் தாமதமானால் மானம் போய் விடாது. "இன்னும் வேகலை" என்று வாய் விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, நம்மை நம்பி உட்கார்ந்தவர்களின் வயிற்றைக் கெடுத்தால்தான் மானம் போகும். அந்தத் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போன வருடப் பண்டிகைக்கு அந்தக் குட்டியும் வந்து, பாட்டி மடியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டது. எனக்கு அதுவே பெரிய நன்றி சொல்லும் நாளாக இருந்தது.

- ஒரு வாசகி, நியூஜெர்சி.