கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை: நீங்களாகவே நிறுத்துவதற்கு முன்

இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று பலதுறை மருந்தகத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சில வாரங்களில் தொடையில் வலி. காப்பிக்கடையில் நண்பர் ஒருவர், "அது கல்லீரலைக் கெடுத்துவிடும், நான் எப்போதோ விட்டுவிட்டேன்" என்கிறார். நீங்களும் மாத்திரையை ஓரமாக வைத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைச் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது.

சங்கடப்பட வேண்டாம். பலர் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். அது ஏறுவது உடலுக்குத் தெரியாது. வலிக்காது, தலை சுற்றாது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கும் இது மிகவும் ஆபத்தானது.

"ஆட்டிறைச்சியையும் தேங்காய்ப்பாலையும் விட்டுவிட்டேனே, போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உணவுக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆயினும் நம் உடலிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியை உடலே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் போன்ற 'ஸ்டேட்டின்' மாத்திரைகள் அந்தத் தயாரிப்பைக் குறைக்கின்றன.

வலி மாத்திரையால்தான் வந்ததா?

ஸ்டேட்டினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு தொடைகளிலும், அல்லது இரண்டு தோள்களிலும் சேர்ந்தே வரும். மாத்திரை தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2020இல் வெளிவந்தன. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேர் அதில் கலந்துகொண்டனர். ஓராண்டுக் காலத்தில் அவர்களுக்குச் சில மாதங்கள் ஸ்டேட்டின், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை. எது உண்மையான மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. போலி மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் ஏறத்தாழ அதே அளவு தொல்லை இருந்தது! வலி பொய்யல்ல, வலி வருமோ என்ற பயமும் வலியைத் தரும். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு, அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினர்.

கல்லீரல் பாதிப்பு அரிது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரத்தச் சர்க்கரை சிலருக்குச் சற்றுக் கூடலாம். ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்குத்தான் இதயப் பாதுகாப்பு இன்னும் அதிகமாகத் தேவை. ஆகவே அதற்காக நிறுத்த வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தசை வலி அல்லது பலவீனம், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இது அரிதாகவே நேரும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 995ஐ அழையுங்கள்.

மற்ற வலிகளுக்கு, மாத்திரையைத் தொடர்ந்தபடி மருந்தகத்தை அழைத்துச் சந்திப்பை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை காட்டும். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம், அல்லது எஸெட்டிமைப் போன்ற வேறுவகை மாத்திரையைத் தரலாம். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, ஊரிலிருந்து வாங்கி வந்த லேகியம், சத்து மாத்திரை எல்லாமே. சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் ஸ்டேட்டின் போன்ற பொருளே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தசை வலி கூடும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் 'கிரேப்ஃபுரூட்' பழச்சாறும் சிலவகை ஸ்டேட்டின்களோடு ஒத்துப்போகா. எத்தனை நாள் மாத்திரை சாப்பிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிட நேரலாம்.