ஒலியும் எண்ணும் – 9: கோப்புக்குள் ஒரு தறி

சென்ற வாரம் மைக்கை நேரே பியூர் டேட்டா மென்பொருளில் இணைத்தோம். இந்த வாரம் அதைக் கழற்றிவிட்டு, பதிவுசெய்த கோப்பையே ஒலிமூலமாகக் கொடுக்கப் போகிறோம். காரணம் செல்லூர்.

அங்கே ஒரு தறிக்கூடத்தில், விசைத்தறி எத்தனை ஊடை போடுகிறது என்று சத்தத்தை வைத்தே எண்ண முடியுமா என்று பார்க்கப் போயிருந்தேன். மைக்குக்குள் பக்கத்துத் தறி வந்தது, ஆட்டோ ஹாரன் வந்தது. எண்ணிக்கை பிசகினால் அளவுகளைத் திருத்துவேன். திருத்தி முடிப்பதற்குள் தெருச் சத்தமே மாறியிருக்கும். பிறகு எண்ணிக்கை சரியாக வந்தால், அது திருத்தத்தின் பலனா, ஹாரன் ஓய்ந்ததன் பலனா? போனில் கொஞ்ச நேரம் பதிவுசெய்துகொண்டேன். "என்ன தம்பி, பாட்டு கீட்டுன்னா சரி, இதப் போயி புடிக்கிறீங்க?" என்றார் தறி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்.

கோப்பு எத்தனை தடவை ஓட்டினாலும் அதே தறி, அதே ஹாரன். மாறுவது நாம் மாற்றியது மட்டும்தான். சோதனைக்கு வேண்டியது இதுதான்.

மில்லர் பக்கெட் 1996இல் உருவாக்கத் தொடங்கிய பியூர் டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. நீளமான கோப்பை வட்டிலிருந்து படித்தபடியே ஓட்ட அதில் ஒரு பெட்டி உண்டு. சின்னத் துண்டு என்றால் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். வட்டிலிருந்து படிக்கும் பெட்டி, கோப்பின் மாதிரி வீதத்தைத் தானாகச் சரிசெய்யாது. போன் நொடிக்கு 48,000 மாதிரி எடுத்திருக்க, மென்பொருள் 44,100இல் ஓடினால் 60 நொடிப் பதிவு 65 நொடியாக இழுக்கும். நிமிடத்துக்கு 120 ஊடை போட்ட தறி 110 தான் போட்டதாகக் கணக்கு வரும். பாட்டாக இருந்தால் மூன்று கட்டை சுருதி இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே போய் நிற்கும். காது உடனே கண்டுபிடித்துவிடும். தறிச் சத்தத்தில் அது அவ்வளவு எளிதில் பிடிபடாது.

எம்பி3 வேண்டாம். அது காதை ஏமாற்றுவதற்கென்றே செய்தது. கூர்மையான தட்டொலியின் முனையைச் சற்று மழுக்கும். நமக்கு அந்த முனைதான் முக்கியம். வேவ் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1991இல் வந்த அந்த வடிவத்துக்கு 4 ஜிபி உச்சவரம்பு உண்டு. 16 பிட், ஸ்டீரியோ, 48,000 வீதத்தில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு மணி ஷிப்ட் ஒரே கோப்பில் அடங்காது. மோனோவில் எடுங்கள், தறிக்கு ஸ்டீரியோ எதற்கு?

கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஒட்டுவாயில் கவனம் வேண்டும். பாரிஸில் 1948இல் ரயில் சத்தங்களைக் கொண்டே இசை கட்டிய பியேர் ஷெஃபர் இசைத்தட்டில்தான் வேலை செய்தார். வட்டமாக மூடிய பள்ளத்தில் ஊசி சுற்றிச் சுற்றி வர, 78 சுற்றுத் தட்டில் முக்கால் நொடித் துண்டு ஓயாமல் ஒலிக்கும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓர் ஊடை தொடங்கும் இடத்தில் வெட்டி, இன்னோர் ஊடை தொடங்கும் இடத்தில் முடித்தால் போதும். நடுவில் வெட்டினால் இல்லாத ஒரு தட்டு கேட்கும். நிரல் அதையும் எண்ணிவிடும்.

இன்னொரு சிக்கலும் கோப்பில்தான் தெரிந்தது. ஓர் ஊடைக்கு ஒரு சத்தம் அல்ல. நாடா பெட்டிக்குள் போய் மோதுவது ஒன்று, அச்சு ஊடையை அடித்து நெருக்குவது இன்னொன்று. நிரல் இரண்டையும் எண்ணி, துணியை இரட்டிப்பாக்கியது. நிமிடத்துக்கு 120 என்றால் ஓர் ஊடைக்கு அரை நொடி. முதல் தட்டு கேட்டதும் கால் நொடிக்குச் சற்று மேல் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னதும் கணக்கு நேரானது.

நல்ல ஓட்டத்தை மட்டும் பதிவுசெய்து வந்தால் அந்தக் கோப்பில் நூலே அறுவதில்லை. நூல் அறுந்து தறி நின்று, முடிச்சுப் போட்டு மறுபடி கிளம்பும் வரையும் பதிவில் இருக்கட்டும். அந்த இடைவெளியில் நிரல் என்ன எண்ணுகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.