பேச்சு வராத பிள்ளைகளும் தொடர்பாடல் உரிமையும்

பேச்சு வராத பிள்ளையை ‘ஊமை’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் நமது சமூகத்திலிருந்து இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. பெருமூளை வாதம், ஓட்டிசம் போன்றவற்றால் பேச்சாற்றல் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுள் பலர், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்கின்றனர். ஆனால், தமது பசியையும் வலியையும் அச்சத்தையும் வெளியிட அவர்களுக்கு வழியில்லை. வயிற்றுவலியைச் சொல்ல இயலாமல் கதறும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று தண்டித்துவிடுகின்றோம்.

இத்தகைய பிள்ளைகளுக்கு வழி திறப்பதே துணை மற்றும் மாற்றுத் தொடர்பாடல் எனப்படும் முறை. சைகை, படஅட்டை, எழுத்துப் பலகை, தொட்டால் குரல் எழுப்பும் கருவி ஆகிய யாவும் இதில் அடங்கும். 2018 இல் மறைந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் கணினிக் குரலின் துணையுடன் உலகுக்கு உரையாற்றியதும் இவ்வழியிலேயே.

படத்தைக் காட்டப் பழக்கினால் பிள்ளை பேசவே முயலாது என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட மீளாய்வில், நம்பகமான சான்றுகள் கிடைத்த 27 பேரில் எவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்கு அது ஓரளவேனும் கூடியிருந்தது.

மலையகத்தின் நிலை தனியானது. களனிப் பல்கலைக்கழகம் 1997 இல் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கான பயிற்சியை ஆரம்பித்தது. நுவரெலியாவில் 1988 முதல் மென்கஃபெப் நிறுவனம் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காகப் பணியாற்றத் தொடங்கியது. எனினும், ஹட்டன், நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து சிகிச்சைக்கு வருவது எளிதன்று. கொழுந்து பறிக்கும் தாய்க்கு, பஸ் ஏறி வைத்தியசாலை சென்று திரும்பும் நாள் சம்பளம் இழக்கும் நாளாகும். சிகிச்சையாளர் தமிழ் அறியாதவராயின் அந்தப் பயணத்தின் பயனும் குறைந்துவிடும்.

ஆகவே, வீட்டிலேயே தொடங்கக்கூடியவற்றை அறிந்திருத்தல் அவசியம். சென்னை வித்யாசாகர் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ செயலியை உருவாக்கினார். ஸ்பெயினின் அரகோன் பிராந்திய அரசு ‘அராசாக்’ என்னும் படத்தொகுப்பை வணிக நோக்கமற்ற பயன்பாட்டிற்கு இலவசமாக வழங்குகின்றது. கருவி இல்லாவிடினும் கவலையில்லை. ஓர் அட்டையும் சில படங்களும் போதும். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ என்பவை முதலில் இடம்பெற வேண்டும். பிள்ளையின் உலகத்துச் சொற்களும் சேரவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு லயமும் பிள்ளைக் காம்பராவும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் அந்த அட்டையில் இல்லாவிடின் அது அந்நியமாகவே இருக்கும். பெரியவர்கள் தாம் பேசும்போதே படங்களைத் தொட்டுக்காட்டி, பிள்ளை பதில் தரும்வரை பொறுமையுடன் காத்திருக்கவும் வேண்டும். பேசும் பிள்ளைகூட மாதக்கணக்கில் கேட்ட பின்னரே பேசுகின்றது என்பதை மறத்தலாகாது.

இந்த உழைப்பில் பெற்றோர் தனித்து நின்றால் விரைவில் சோர்ந்துவிடுவர். கையடக்கத் தொலைபேசி வழியாக ஒரே நிலையிலுள்ள பெற்றோர் இணைந்தால், ஒரு தாய் தயாரித்த அட்டை வேறொரு தோட்டத்துப் பிள்ளைக்கும் உதவும். 1983 இல் உருவான சர்வதேசச் சங்கமான ஐசாக், இம்முறையைப் பயன்படுத்துவோரையும் குடும்பங்களையும் நிபுணர்களையும் ஒன்றிணைக்கின்றது. தமிழில் அவ்வாறான கூட்டுறவு நமது மண்ணுக்கும் தேவை. ஆயினும், பிள்ளைகளின் படங்களைப் பகிர்வதில் அவதானம் வேண்டும். ‘பூரண குணம்’ என விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்கவும் கூடாது.

மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் 1996 இல் இயற்றப்பட்டது. மாற்று வழிகளில் கருத்து வெளியிடும் உரிமையை ஏற்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. அந்த உரிமை லயன் அறைகளையும் எட்டவேண்டுமாயின், பிள்ளைக் காம்பராக்களின் பொறுப்பாளர்களுக்கும் தோட்டப்புறப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் தமிழில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். இதனைச் சுகாதார, கல்வி அமைச்சுகளும் தோட்ட நிருவாகங்களும் மேலும் தாமதிக்கலாகாது.