காலையில் உறுமும் ஃபேன்: எண்ணெய் சுமக்கும் உலோகத்தின் கதை

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் கேபினெட்டுக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு கோடைகளைக் கடந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். "அதுவே சரியாகிவிடுகிறதே, விட்டுவிடலாமா?" என்கிறார்கள். விடக் கூடாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, ஃபேனுக்குள் இருக்கும் ஒரு சிறிய பாகத்தைப் பற்றி அறிய வேண்டும்.

துளைகள் நிறைந்த புஷ்

விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். ஃபேனின் தண்டு ஒரு சிறிய உலோகக் குழாய்க்குள் சுழல்கிறது. இதைப் புஷ் என்பார்கள். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும், மண்பானையைப் போல இதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு.

செம்புத் தூள் சுமார் 90 பங்கும் வெள்ளீயத் தூள் 10 பங்கும் கலந்து, அச்சில் அழுத்தி, முழுவதும் உருகாத அளவுக்குச் சூடாக்குவார்கள். தூள்கள் ஒட்டிக்கொள்ளும், இடைவெளிகள் அப்படியே நிற்கும். அந்த இடைவெளிகளில் உள்ள காற்றை நீக்கி எண்ணெயை ஏற்றுவார்கள். புஷ்ஷின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான்! அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் 1930களில் இதை 'ஆயிலைட்' என்ற பெயரில் பிரபலமாக்கியது. இத்தகைய தூள் உலோகத் தொழில்நுட்பத்துக்கென்றே ஐதராபாத்தில் மத்திய அரசின் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

தண்டு சுழலும்போது புஷ் சூடாகிறது. உலோகத்தைவிட எண்ணெய் அதிகம் விரிவதால் துளைகளிலிருந்து வெளியே கசிந்து, தண்டைச் சுற்றி மெல்லிய படலமாகிறது. ஃபேன் நின்று சூடு தணிந்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் துளைகள் அதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் மாத்திரைகள் சிலவற்றிலும் இதேபோல நுண்துளைகள்தான் வேலை செய்கின்றன.

இப்போது காலைச் சத்தத்தின் காரணம் புரியும். எண்ணெய் குறைந்த புஷ்ஷில் ஆரம்பத்தில் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. சூடு ஏறிய பிறகே மிச்சமுள்ள எண்ணெய் வெளியே வருகிறது. சத்தம் அடங்கினாலும் புஷ் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் ஊரில் ஏன் சீக்கிரம்?

வெயில் எண்ணெயை வேகமாக ஆவியாக்கும். அடுத்தது பஞ்சு. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் அதிகம். ஆலைக்கு அருகில் உள்ள வீடுகளில் பறக்கும் பஞ்சுத் தூசி பேரிங் ஓரத்தில் படிந்து எண்ணெயை உறிஞ்சிவிடும். மேலும், இவ்வகை ஃபேனின் தண்டு படுக்கையாக இருப்பதே நல்லது. டவர் கேபினெட்டைப் படுக்கவைத்தால் சி.பி.யூ. ஃபேனின் தண்டு செங்குத்தாகி, எண்ணெய் ஒரு பக்கமாகக் கசியும்.

ஃபேன் நின்றுவிட்டால் பிராசஸர் சூடாகும். வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கம்ப்யூட்டர் திடீரென ஆஃப் ஆகிவிடும். சேவ் செய்யாத வேலை எல்லாம் போய்விடும்.

என்ன செய்யலாம்?

1. பயாஸில் ஹார்ட்வேர் மானிட்டர் பகுதியில் ஃபேனின் வேகத்தையும் வெப்பத்தையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

2. மின் இணைப்பை எடுத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். அப்போது இறக்கைகள் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. திண்டுக்கல் பூட்டுக்கு விடுவதுபோல் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது பிசின்போல் இறுகிவிடும். ஸ்டிக்கருக்கு அடியில் ரப்பர் மூடி இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். இதுவும் தற்காலிகத் தீர்வுதான்.

4. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

5. புது ஃபேன் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அளவும் பின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். சற்றே அதிக விலையானாலும் 'பால் பேரிங்' ஃபேனைக் கேளுங்கள். லேசான இரைச்சல் இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலை அதிக நாள் தாங்கும்.