மெலஞ்சன்கள்: பதில் மாறிக்கொண்டே இருந்த ஒரு கேள்வி

உங்க தாத்தாவோட தாத்தா பேரு தெரியுமா? நம்மில் பலருக்கு அங்கேயே கதை நின்னுடும். அமெரிக்காவில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு முன்னோர் பெயர் தெரியும், ஊர் தெரியும். ஆனா "நாம எங்கிருந்து வந்தோம்?" என்ற கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு பதில். அவங்கதான் மெலஞ்சன்கள்.

அப்பலாச்சியன் மலைப்பகுதியில், டென்னசி மாநிலத்தின் நியூமன்ஸ் ரிட்ஜ் மலையிலும் பக்கத்து வர்ஜீனியாவிலும் வாழ்ந்தவர்கள். காலின்ஸ், கிப்சன், கோயின்ஸ், மல்லின்ஸ் போன்ற குடும்பப் பெயர்கள். நிறம் கொஞ்சம் மாநிறம். கேட்டால், "நாங்க போர்ச்சுகீசியர் வம்சம்" என்பார்கள். துருக்கியர், பினீசியர் என்ற கதைகளும் உண்டு.

ஏன் போர்ச்சுகீசியர்? சட்டத்தைப் பாருங்க. அடிமையாக இல்லாவிட்டாலும் வெள்ளையர் அல்லாதவருக்கு ஓட்டு கிடையாது என்று 1834-இல் டென்னசி அரசியலமைப்பு ஆக்கிவிட்டது. 1840-களில் மெலஞ்சன்கள் சிலர் மீது, சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக வழக்கே நடந்தது, விடுதலை ஆனார்கள். வர்ஜீனியாவில் 1924-இல் இனத்தூய்மைச் சட்டம் வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுத் துறையின் தலைவர் வால்டர் பிளெக்கர், 1943-இல் மாவட்டவாரியாக குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு, இவர்களை வெள்ளையராகப் பதியாதீர்கள் என்று அதிகாரிகளுக்கு அனுப்பினார். அப்படி ஒரு ஊரில் "போர்ச்சுகீசியர்" என்ற சொல், குடும்பத்தைக் காப்பாற்றும் கவசம்.

2012-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வில், சோதித்த குடும்பங்களின் ஆண்வழிகள் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. பெண்வழி ஐரோப்பாவுக்குப் போனது. இது எப்படி? வர்ஜீனியாவின் 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாய் அடிமை இல்லையென்றால் பிள்ளையும் அடிமை இல்லை. ஒப்பந்தக் கூலியாக வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் ஆப்பிரிக்க ஆணுக்கும் பிறந்த பிள்ளைகள் அடிமைத்தளைக்கு வெளியே வளர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்து மலையேறினார்கள். ஆய்வின் முடிவோடு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

ஆனா ஒரு கணக்கு. பத்து தலைமுறை மேலே போனால் 1024 மூதாதையர் இடங்கள். ஆண்வழிச் சோதனை அதில் ஒருவரைக் காட்டும், பெண்வழிச் சோதனை இன்னொருவரை. மீதி 1022 பேர் பற்றி அவை வாயே திறக்காது. அதனால்தான் வேர் தேடுபவர்கள் தெரிந்த ஆளிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போகிறார்கள்: வரிப்பட்டியல், நிலப்பத்திரம், சர்ச் குறிப்பேடு, மக்கள்தொகைக் கணக்கு. ஒரே ஆள் ஒரு கணக்கெடுப்பில் "வெள்ளையர்", இன்னொன்றில் "கலப்பினம்" என்று இருக்கலாம். ஆள் மாறலை, எழுதியவர் மாறியிருக்கார். அதனால் ஒவ்வொரு பதிவிலும், யார் எழுதினார், எந்தச் சட்டத்தின் கீழ் எழுதினார் என்று பார்க்கணும்.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டிகிட்ட உட்கார்ந்து கேளுங்க, போனில் ரெக்கார்டும் பண்ணுங்க. ஏதாவது ஒரு இடத்தில் கதை பொருந்தலைன்னா "பொய்"னு ஒதுக்கிடாதீங்க. அப்படிச் சொல்ல அவங்களுக்கு என்ன அவசியம் வந்ததுன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க.